சுற்றுலா என்றால் கோலாலம்பூர் மட்டுந்தானா?

ஆண்டிறுதி நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு கடிதம் பிள்ளைகளின் புத்தகப்பைக்குள் ஏறிவிடும். 'கல்விச் சுற்றுலா' என்பது தலைப்பு. மூன்று பகல், இரண்டு இரவு. குளிரூட்டிய விரைவுப் பேருந்து. இரட்டைக் கோபுரம், பத்துமலை, ஒரு கேளிக்கைப் பூங்கா, ஒரு பேரங்காடி. பள்ளியின் முத்திரையை விரலால் மறைத்துக்கொண்டு படித்தால், அது எந்தப் பள்ளியின் கடிதம், எந்த ஆண்டின் கடிதம் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அரசாங்கம் 2021ஆம் ஆண்டில் அகற்றிவிட்டது. அந்தத் தேர்வு முடிந்த களிப்பைக் கொண்டாடத் தோன்றிய இந்தப் பயணம் மட்டும் அசையாமல் நிற்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, நான் சுற்றுலாவை எதிர்ப்பவள் அல்லள். இந்தச் சுற்றுலாவைத்தான் எதிர்க்கிறேன். செமிலிங், பீடோங், மெர்போக் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய ஊர்கள் தண்டவாளத்தின் ஓரமாகவே வரிசையாக நிற்கின்றன. ஒரே நாளில் போய் இரவு உணவுக்கு வீடு திரும்பக்கூடிய ஊர்கள் அவற்றுள் உண்டு. அவற்றின் கதையில் நம் பாட்டன் பூட்டனின் வியர்வையும் கலந்திருக்கிறது. அவற்றைத் தாண்டிக்கொண்டு, இருட்டில், நெடுஞ்சாலையில், பிள்ளைகளைத் தூங்கவைத்துத் தலைநகருக்குக் கடத்திச் செல்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். நம்மில் பலர் அதைப் பேசக் கூசுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டா) அந்தக் கடிதம் வந்த மறுநாள் ஒரு சிறுமி, "எனக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது டீச்சர், நான் வரவில்லை" என்றாள். அவளுக்குப் பேருந்து நன்றாகவே ஒத்துக்கொள்ளும். நாள்தோறும் பள்ளிப் பேருந்தில்தான் வருகிறாள். ஒத்துக்கொள்ளாதது கட்டணம். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர். தந்தைக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. பத்து வயதுக் குழந்தை தன் பெற்றோரின் மானத்தைக் காப்பதற்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள். கல்விச் சுற்றுலாவில் அவ்வாண்டு நிகழ்ந்த ஒரே கல்வி அதுதான் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். போகாத பிள்ளைகள் அந்த மூன்று நாளும் நூலகத்தில் அமர்ந்து வண்ணம் தீட்டினார்கள். போய்வந்தவர்கள் திரும்பியதும் படங்களைக் காட்டினார்கள். வகுப்பறைக்குள் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் போட்டது நம் சுற்றறிக்கை.

அடுத்து இரவுப் பயணம். தங்கும் செலவை மிச்சப்படுத்துவதற்காக இரவு பத்து மணிக்குமேல் பேருந்தைக் கிளப்புவது நம் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறமையாகவே தெரிகிறது. 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் அதிகாலையில், கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த வாடகைப் பேருந்து விபத்துக்குள்ளாகி 15 மாணவர்கள் மாண்டார்கள். கல்வியியல் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அவர்கள். நாளை நம்மோடு ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கக்கூடியவர்கள். அன்று நாம் எல்லாரும் கண்ணீர் விட்டோம். இரங்கற் செய்திகளைப் பகிர்ந்தோம். பின்னர் அதே இரவு நேரத்தைக் குறித்து அதே கடிதத்தை அச்சடித்தோம் என்றால் அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

சரி, போகிறார்கள், என்ன பார்க்கிறார்கள்? கோபுரத்தின் அடியில் நின்று கழுத்தை வளைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பேரங்காடியில் இரண்டு மணி நேரம் 'சுதந்திரமாக' விடப்படுகிறார்கள். அங்குள்ள கடைகளில் பாதி சுங்கைப்பட்டாணியிலேயே இருக்கின்றன. திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னால், "மகிழ்ச்சியாக இருந்தது, மறக்க முடியாத அனுபவம்" என்று முப்பது ஏட்டிலும் ஒரே வரி. பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். எழுதுவதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்கு அழைத்துப்போனது நாம்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். என் நட்பு வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் இருவர் ஜெர்மனி போய்வந்தார்கள். பெர்லினையும் மூனிக்கையும் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. வாய் ஓயாமல் பேசியதெல்லாம் சிற்றூர்களைப் பற்றித்தான். ரோத்தன்பர்க் என்னும் ஊருக்குப் பெரிய வண்டி நேரே போகாதாம். ஸ்டைனாக் என்ற சின்ன நிலையத்தில் இறங்கிச் சின்ன வண்டிக்கு மாற வேண்டுமாம். ஊரைச் சுற்றியுள்ள பழைய மதில்மேல் நடந்தே வலம் வரலாமாம். குவெட்லின்பர்க் என்ற ஊரில் மரச்சட்டம் கட்டிய பழைய வீடுகள் ஆயிரத்துக்கும் மேல். யுனெஸ்கோ 1994ஆம் ஆண்டிலேயே அதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அங்கே 2023ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மாதாந்தரச் சீட்டு அறிமுகமானது. தொடக்கத்தில் அதன் விலை 49 யூரோ; பின்னர் ஏறிவிட்டது. அதிவிரைவு வண்டிகளில் அது செல்லாது. ஆனால், ஊருக்கு ஊர் நின்று போகும் வட்டார வண்டி எதிலும் நாடு முழுவதும் ஏறலாம். அந்நாட்டு மக்களே அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் பக்கத்துச் சிற்றூருக்குப் போய்வருகிறார்கள்.

"எப்படி ஊரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அந்த அம்மையார் சொன்ன விடை என் மனத்தில் தைத்துவிட்டது. "நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஊராக இருக்க வேண்டும். ஒரு நாளில் நடந்து முடிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். பார்த்த பிறகு யாரிடமாவது சொல்லத் தோன்றும் கதை ஒன்று அங்கே இருக்க வேண்டும்." மிகச் சரி. ஆனால் இதே அம்மையார் முப்பது ஆண்டுக் காலம் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஆண்டுதோறும் நம் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குத்தான் ஏற்றி அனுப்பினார்! கடல் கடந்தால் சிற்றூர் அழகு. கடலுக்கு இப்பால் இருந்தால் அது வெறும் 'கம்பம்'. இந்த மனநோய் நமக்கு எப்பொழுது தீரும்?

அந்த மூன்று விதிகளையும் நம் தண்டவாளத்தின்மீது வைத்துப் பார்ப்போம். செமிலிங்கில் தொடர்வண்டி நிலையம் இல்லை, உண்மை. ஆனால் சுங்கைப்பட்டாணி நிலையம் அரைமணி நேரத் தொலைவில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வடக்கே நீண்ட தண்டவாளம் 1915இல் அலோர்ஸ்டாரையும், 1918இல் சயாம் எல்லையிலுள்ள பாடாங் பெசாரையும் எட்டியது. நூறாண்டுக்கு மேலாக அந்தப் பாதை நம் தோட்டங்களின் ஊடே போய்க்கொண்டிருக்கிறது. ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையிலான மின்மய இரட்டைப் பாதை 2014இல் முடிவுற்றது. மறு ஆண்டு ஈ.டி.எஸ். விரைவு வண்டிகள் எல்லைவரை ஓடத் தொடங்கின. அதையொட்டி வடக்கு வட்டாரக் கொமுட்டர் வண்டியும் வந்துவிட்டது. கொமுட்டர்தான் நம் 'வட்டார வண்டி'. கட்டணம் சில வெள்ளிகள்; சிறுவர்களுக்கு அதிலும் குறைவு. சுங்கைப்பட்டாணியில் ஏறிப் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி வண்டி மாறினால், பாரிட் புந்தார், பாகான் செராய், கமுண்டிங், தைப்பிங், பாடாங் ரெங்காஸ் என்று பேராக்குக்குள் போகலாம். ஸ்டைனாக்கில் வண்டி மாறினால் அனுபவம். புக்கிட் மெர்தாஜாமில் மாறினால் தொல்லையா?

என்னைக் கேட்டால் தைப்பிங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். போகும் வழியே ஒரு பாடம். பாகான் செராயைக் கடந்ததும் வண்டி புக்கிட் மேரா ஏரியின்மேல் ஏறும். ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளப் பாலம், இருபுறமும் தண்ணீர். பிள்ளைகள் சாளரத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அது இயற்கை ஏரியன்று. கிரியான் வட்டார நெல்வயல்களுக்குப் பாய்ச்சுவதற்காக 1906இல் அமைக்கப்பெற்ற நீர்த்தேக்கம். முதலில் வயல், பின்னர் அந்த வயலுக்கு நீர் தரும் ஏரி என்று வண்டியே வரிசை பிசகாமல் காட்டிவிடுகிறது. வேறு எந்தப் பயிற்றுத் துணைப்பொருள் இதைச் செய்யும்?

மலாயாவின் முதல் தொடர்வண்டி 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்துதான் ஓடியது. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்வதற்காக, போர்ட் வெல்ட் துறைமுகம்வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதை போடப்பட்டது. போட்டவர்கள் யார்? இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட 'சிலோன் பயனியர்' தொழிற்படையினர். பின்னாளில் மலாயா இரயில்வே வளர வளர, நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்தார்கள். தண்டவாளம் பராமரிக்கும் கூட்டங்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் வெயிலில் நின்றார்கள். அந்த முதற்பாதை 1980களில் பிடுங்கப்பட்டுவிட்டது. போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங். ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகையை மட்டும் அங்கே விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது! தமிழ் படித்து என்ன பயன் என்று கேட்கும் ஊரில் வாழும் பிள்ளைகள் நம்முடையவர்கள். நாட்டின் முதல் தொடர்வண்டிப் பாதையின் கடைசி நிலையத்தில் தமிழ் எழுத்து நிற்பதை அவர்கள் தம் கண்ணால் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அந்த ஒரு பலகைக்காகவே தைப்பிங்கிலிருந்து அங்கே வாடகை வேனில் போய்வரலாம். கட்டணத்தில் சில வெள்ளி கூடும்; போகட்டும்.

தைப்பிங் ஊருக்குள் நடை போதும். 1883இல் தோன்றிய பேராக் அருங்காட்சியகம், நாட்டிலேயே பழைமையானது. (திறந்திருக்கிறதா என்று முதலிலேயே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.) 1880இல் உருவான ஏரிப்பூங்கா, கைவிடப்பட்ட ஈயக் குழிகளின்மேல் எழுந்தது. கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. அந்த மரங்களுக்கு அடியில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம், கட்டணம் கிடையாது. நாட்டில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் ஒன்று அது. ஆகவே, குடை வேண்டும்.

ஈ.டி.எஸ். வண்டியில் சீட்டெடுக்க முடிந்தால் கோலகங்சாருக்குப் போங்கள். தைப்பிங்கைக் கடந்தபின் பெராப்பிட் மலையைக் குடைந்த 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதை வரும். உள்ளே நுழையும்பொழுது பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், விட்டுவிடுங்கள். கோலகங்சார் அரச நகர். உபுடியா பள்ளிவாசலின் பொற்குவிமாடத்தையும் 1905இல் தோன்றிய மலாய்க் கல்லூரியையும் எல்லாரும் காட்டுவார்கள், நாமும் காட்டுவோம். ஆனால் நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேரே போய் நிற்க விரும்பும் இடம், வேலியிட்ட ஒரு கிழட்டு மரத்தடி.

பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் எழுபதாயிரம் இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில், பேராக் ரெசிடெண்டு ஹியூ லோ அவர்களின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தொடக்கக் காலத்து மரங்களில் ஒன்று இன்னும் நகரச் சாலையோரத்தில் நிற்கிறது. மரம் என்று பார்த்தால் பெரிய அழகு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் வழித்தோன்றல்களுக்காகத்தான் கப்பலேறி, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து, லயத்து அறையில் பாய் விரித்தார்கள் நம் முன்னோர். விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். நிரை பிடித்தார்கள். பட்டையைச் சீவிப் பால் இறக்கினார்கள். ஒட்டுப்பாலைச் சுரண்டிச் சாக்கில் கட்டினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். இரப்பர் தோட்டங்களிற் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டது. 'நிரை' என்றால் என்ன என்று நான்காம் ஆண்டில் கேட்டேன். ஒரு கை மட்டும் உயர்ந்தது. அவன் சொன்னது இலக்கணத்தில் வரும் நேர், நிரை. தமிழாசிரியை என்ற முறையில் மகிழ்ந்தேன். தோட்டத்தில் பிறந்தவள் என்ற முறையில் எனக்கு வாயடைத்துப் போயிற்று.

2014ஆம் ஆண்டிலிருந்து தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் வரலாறு தனிப்பாடம். பாடநூலில் நம்மவர் வரலாறு எவ்வளவு இடம் பெறுகிறது என்பது வேறொரு சண்டை. அதை வேறொரு நாள் போடுவோம். பாடநூல் தராததை ஒரு மரம் தரும். அங்கே அழைத்துச் செல்ல யாருடைய அனுமதியும் மறுக்கப்படப் போவதில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் பாரத்தில் 'கேளிக்கைப் பூங்கா' என்று எழுதும் பேனாவால் 'கோலகங்சார்' என்றும் எழுதலாம்.

அடுத்த நிலையம் சுங்கை சிப்புட். அழகான ஊர் என்று சொன்னால் அங்குள்ளவர்களே சிரிப்பார்கள். கடைவீதி, கோயில், தமிழ்ப்பெயர்ப் பலகைகள், அவ்வளவுதான். ஆயினும் துன் வீ.தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்த ஊர் அது. அவர் முயற்சியால் 1954இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்து வைக்க விஜயலட்சுமி பண்டிட் அம்மையாரே வந்தார். அதே சுங்கை சிப்புட்டில், அதே ஜூன் 16ஆம் நாள், 1948இல் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், அவர்களுடைய சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவதற்காக 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவின் புக்கிட் சீடிம். நம் மாநிலத்துப் பெயர் ஒன்று அந்த ஊரின் வரலாற்றில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஒரு தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இன்னொரு தமிழ்ப்பள்ளிக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பூப்பந்து ஆடிவிட்டுத் திரும்பினாலே அது நல்ல சுற்றுலா என்பேன்.

பத்துகாஜாவில் கெல்லி மாளிகை இருக்கிறது. நிலையத்திலிருந்து நடக்க முடியாது. என் முதல் விதியை மீறுகிறது. ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். வில்லியம் கெல்லி சுமித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1926இல் லிஸ்பனில் இறந்துவிட, மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. போகிறவர்கள் எல்லாரும் மாளிகையில் பேய் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அங்கிருந்து சிறிது தொலைவில் மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. கட்டுமானத் தொழிலாளர்களைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபொழுது, அவர்கள் வேண்டிக்கொண்டதற்கு இணங்க எழுந்த கோயில் அது. கூரைமேல் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக்காரர் சிலை ஒன்றும் நிற்கிறது. அது சுமித் துரையேதான் என்கிறார்கள். மாளிகைக்குப் போகும் பள்ளிகளிற் பல இந்தக் கோயிலைப் பார்ப்பதில்லை. பேயைத் தேடிய நேரத்தில் பாதியைக் கட்டிய மனிதர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

வடக்கே போவதானால் பாடாங் பெசார். அங்கே பிள்ளைகளுக்குக் காட்டச் சிலை, அருங்காட்சியகம் எதுவும் இல்லை. எல்லைக் கடைகள் உண்டு. ஆனால் ஆறாம் ஆண்டு மாணவர்களை நிலைய நடைமேடையில் நிறுத்தி ஒன்றைச் சொல்லலாம். சயாம் மரண இரயில் பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் சென்ற பல்லாயிரம் தமிழர்கள் இந்தத் தண்டவாளத்தின் வழியாகத்தான், சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு எல்லையைக் கடந்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. கெடாத் தோட்டங்களிலும் ஆள் பிடித்தார்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களைக் கேளுங்கள். பெயர் சொல்லக்கூடிய ஒருவராவது இருப்பார்.

ஈப்போவையும் அலோர்ஸ்டாரையும் ஏன் சொல்லவில்லை என்பீர்கள். ஈப்போ நிலையக் கட்டடம் அழகுதான். ஆனால் நகரம் பெரிது, நாற்பது பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாலை கடக்க முடியாது. அலோர்ஸ்டாருக்கு நம் பெற்றோர்கள் ஏதேனும் ஒரு காரணத்துக்காக எப்படியும் போகிறார்கள்.

இனி மறுப்புகள். "பிள்ளைகள் கேளிக்கைப் பூங்காவைத்தானே கேட்கிறார்கள்?" கேட்பார்கள். நாம் அதைத் தவிர வேறு எதையும் அவர்கள் காதில் போடவில்லை. தண்ணீர்ச் சறுக்கு வேண்டுமானால் பெற்றோர் விடுமுறையில் அழைத்துப் போகட்டும். அதற்குப் பள்ளி வேண்டியதில்லை. என் வகுப்பில் 28 பேர். அவர்களுள் தொடர்வண்டியில் ஏறியிருப்பவர் நால்வர். மற்ற 24 பேருக்கும் வண்டியே ஒரு கேளிக்கைதான்.

"பேருந்து என்றால் பள்ளி வாசலிலேயே ஏறலாம், கணக்கு எடுப்பது எளிது." எளிதுதான், ஆசிரியருக்கு. பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் அல்லது ஒரு பெற்றோர் என்று வைத்துக்கொண்டு, ஒரே நிறச் சட்டை போட்டு, மாறும் நிலையத்தில் வரிசையாக எண்ணினால் ஒன்றும் ஆகாது. நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்பது, இறங்குபவருக்கு வழிவிட்டு ஏறுவது, முதியவருக்கு இருக்கை தருவது ஆகியவற்றை நன்னெறிப் பாடத்தில் படம் வரைந்து கற்பிக்கிறோம். வண்டிக்குள் கற்பித்தால் படமே வேண்டாம். விரைவு வண்டிக்குச் சீட்டுத் தீர்ந்துவிடும் என்பது மட்டும் நியாயமான குறை. விடுமுறைக் காலத்தில் நாற்பது இருக்கைகள் சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டுமானால் மிக முன்பாகவே பதிய வேண்டும். பேராக்கில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். நமக்கு வெள்ளியும் சனியும். சனிக்கிழமை இரு மாநிலத்தாரும் ஊர் சுற்றுவார்கள். வெள்ளிக்கிழமை போனால் கூட்டம் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைநகரப் பள்ளிகள் ஏன் நம்மிடம் வருவதில்லை? ஈ.டி.எஸ். வண்டி கோலாலம்பூரிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு நேராகவே வருகிறது. இங்கே செமிலிங்குக்கு அருகில் சுங்கை பத்துவில் 2009ஆம் ஆண்டு தொடங்கி மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தெடுத்த இரும்பு உருக்கு உலைகளும் செங்கல் கட்டுமானங்களும் இருக்கின்றன. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும், மறுசீரமைக்கப்பெற்ற புக்கிட் பத்து பகாட் சண்டியும் இருக்கின்றன. செமிலிங் படகுத்துறையிலிருந்து சதுப்புநிலக் காடுகளின் நடுவே மெர்போக் ஆற்றில் போகலாம். 1025இல் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இதுவென்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் இதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை 2013இல் நிலம் திருத்துவோர் இடித்துத் தள்ளியபொழுது, இடித்த பிறகுதான் ஊருக்கே செய்தி தெரிந்தது. மாதம் ஒரு பள்ளி அந்த இடத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தால், இயந்திரம் உள்ளே நுழைந்த அன்றே யாரேனும் கேட்டிருப்பார்கள். பார்க்க ஆளில்லாத இடத்தைத்தான் இடிக்க முடியும்.

ஆகவே அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சுற்றுலாக் கடிதம் வாசிக்கப்படும்பொழுது, தயவுசெய்து கையை உயர்த்துங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகளால் இந்தக் கட்டணத்தைக் கட்ட முடியும், வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, அங்கே நடந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் அது ஒரு மாதத்தில் ஆறிவிடும்.

எங்கள் நான்காம் ஆண்டுக்கு இம்முறை தைப்பிங் என்று முடிவாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை சுங்கைப்பட்டாணி நிலையம். 28 பேரும் வருகிறார்கள். பெற்றோருக்கான கடிதம் அரைப்பக்கந்தான். கட்டணத்துக்கு ஒரு வரி, கட்டுச்சோற்றுக்கு ஒரு வரி. குடையைப் பற்றி மட்டும் மூன்று வரி எழுதியிருக்கிறேன்.